குடும்பப் படத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஸ்டூடியோ, வீட்டுக்கு வரும் புகைப்படக்காரர், கைப்பேசி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் தாத்தா கோட்டு அணிந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயதுவரை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் தவிர வேறெதையும் உடுத்தாத மனிதர். அவர் இறந்த அன்று வீடு முழுக்கப் படம் தேடினோம். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஓர் உறவினர் திருமணத்தில் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார். அந்தத் தலையை மட்டும் வெட்டி, கணினியில் இருந்த ஏதோ ஒரு கோட்டின் மேல் பொருத்தி, நீலப் பின்னணி கொடுத்து, பதினாறாம் நாளுக்குள் பிரேம் போட்டுக் கொண்டுவந்தார்கள். கழுத்தும் காலரும் சேரும் இடத்தில் இன்றைக்கும் ஒரு கோடு தெரியும்.

அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இப்போது எண்பத்து நான்கு வயது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். சென்ற டிசம்பரில் அவன் மனைவியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் வருகிறான் என்று தெரிந்ததும், இந்த முறை ஐந்து வீட்டைச் சேர்ந்த பதினைந்து பேரும் சேர்ந்து ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதற்கு என்ன செலவாகும் என்று விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருச்சியிலும் சென்னையிலுமாக இரண்டு மாதம் கேட்டு அலைந்தேன். 7,000 ரூபாயிலிருந்து 43,000 ரூபாய்வரை சொன்னார்கள். ஒரே வேலைக்கு ஆறு மடங்கு வித்தியாசம். அது எங்கிருந்து வருகிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் எனக்குச் சொல்லப்பட்டவை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் ஸ்டூடியோ. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றியது இதுதான். அப்பாவும் அம்மாவும் திருமணமான மறுவாரம் போய் எடுத்துக்கொண்ட கேபினெட் சைஸ் படம் இன்னும் பீரோவில் இருக்கிறது. பின்னால் வரைந்த படிக்கட்டும் தூணும், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. நாற்பத்து மூன்று வருடம் ஆகியும் அந்தக் கறுப்பு வெள்ளை மங்கவில்லை. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின் கீழ் தேடித் திரட்டி மின்வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. நம் முன்னோர் எப்படி உட்கார்ந்தார்கள், எந்த நகையைப் போட்டுக்கொண்டார்கள், யார் தோளில் யார் கை இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிவதற்கு அந்தச் சிறு ஊர் ஸ்டூடியோக்காரர்கள்தான் காரணம். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆகவே அங்கேதான் முதலில் போனேன்.

எங்களுக்குச் சொன்ன விலை இது: படம் எடுத்து, 12-க்கு 18 அங்குல அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, லேமினேஷனும் பிரேமும் சேர்த்து 2,800 ரூபாய். கூடுதல் பிரிண்ட் ஒவ்வொன்றும் 350. ஐந்து வீட்டுக்கு ஐந்து படம் என்றால் நான்கு கூடுதல் பிரிண்டுக்கு 1,400. ஸ்ரீரங்கத்திலிருந்து எல்லோரையும் அழைத்துப் போய்வர வேன் வாடகை 2,500. ஆக 6,700 ரூபாய். மற்ற நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் பிரேமைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பேர், ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். வெளிச்சம் அவர்கள் கையில் இருக்கிறது. மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் கவலை இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கவிடும் காகிதச் சுருள் பெரும்பாலும் ஒன்பது அடி அகலம். இரண்டு வரிசையாக நின்றாலும் ஒரு வரிசைக்கு ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ஒன்றரை அடி வைத்தால்கூடப் பன்னிரண்டு அடி வேண்டும். 'ஓரத்தில் நிற்பவர்களுக்குப் பின்னால் சுவர் தெரியும், அதைக் கணினியில் நிரப்பிவிடலாம்' என்றார் கடைக்காரர். இன்னொரு தடையும் இருந்தது. ஸ்டூடியோ முதல் மாடியில், பதினெட்டுப் படி. அப்பாயிக்கு முழங்கால் வலி. விலை கேட்கப் போகும்போதே படியை எண்ணிவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதுவும் ஒரு செலவுதான்.

புறப்படும்போது, 'தாத்தாவின் படம் இருந்தால் கொடுங்கள், அப்பாயி பக்கத்தில் நிற்பதுபோலச் சேர்த்துத் தருகிறோம், 1,500 ரூபாய்' என்றார் அவர். அன்போடுதான் சொன்னார். பலர் கேட்டுச் செய்துகொள்கிறார்கள் என்பதும் தெரியும். எனக்கு அந்தக் கோட்டு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது கைப்பேசி. காசு கொடுப்பானேன், எல்லோர் கையிலும் நல்ல கேமரா இருக்கிறதே என்று சித்தப்பா கேட்டார். கேள்வி நியாயமானது, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 12 மெகாபிக்சல் படம் என்றால் ஒரு பக்கம் 4,000 பிக்சல். அதை 18 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 222 பிக்சல் வரும். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது தாராளம். நல்ல பகல் வெளிச்சத்தில் நிழலான இடத்தில் எடுத்தால், பிரிண்டில் கைப்பேசிப் படம் என்று கண்டுபிடிப்பது கடினம். செலவு: ரிமோட்டோடு ஒரு ட்ரைபாட் 1,400 ரூபாய். போட்டோ லேபில் 12-க்கு 18 பிரிண்ட் 250 ரூபாய் வீதம் ஐந்துக்கு 1,250. பிரேம் 850 வீதம் 4,250. மொத்தம் 6,900. பிரேமையும் சேர்த்த கணக்கு இது என்பதால் ஸ்டூடியோவைவிட மலிவு.

செய்தும் பார்த்தோம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உள்ளூரில் இருந்த பதினொரு பேர் வாசலில் நின்றோம். அறுபது படம் எடுத்தோம். ஒன்றுகூடத் தேறவில்லை. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும். எல்லோரையும் அடக்க அருகில் வைத்தோம், ஓரத்தில் நின்ற அத்தையின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுத்ததுபோல் ஆகிவிட்டன. ட்ரைபாடைப் பின்னால் தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் இது சரியாகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆக, கருவியின் குறையைத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது ஒன்று இருந்தது.

மாமா முன் வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டார். ஆறடி உயரம், அவருக்குப் பின்னால் நின்ற சித்தியின் முகமே தெரியவில்லை. வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, 'எழுந்து பின்னால் போய் நில்லுங்கள்' என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல முடியாது. அப்பா சொன்னால் தவறாகப் போய்விடும், நான் சொன்னால் அதைவிடத் தவறு. சித்தப்பா மகளிடம் முகவாயைக் கொஞ்சம் இறக்கு என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது. படம் எடுப்பவளான நான் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து நிற்கிறேன். என் முகத்தில் அந்த ஓட்டமே தெரிகிறது. புகைப்படக்காரருக்குக் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் வெளியாள். 'சார், நீங்கள் உயரம், பின்னால் வாருங்கள். அம்மா, நீங்கள் இங்கே உட்காருங்கள்' என்று அவர் சொன்னால் அது உயரக் கணக்கு. அதையே நாம் சொன்னால் மரியாதைக் கணக்காகிவிடும். கூட்டுக் குடும்பப் படத்தில் கேமராவுக்குக் கொடுப்பதைவிட இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாம் அதிகம் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும்.

கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும் என்றால் இந்தச் சிக்கல் கிடையாது. அப்போது கைப்பேசியே போதும். அடுத்த வீட்டுக்காரரை ஐந்து நிமிடம் வரச்சொல்லிப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல பிரிண்டுக்குச் செலவிடுங்கள்.

விசேஷத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே, அதற்கென்று தனியாக ஏன் என்பார்கள். தம்பி திருமணத்தின்போது அப்படித்தான் நினைத்தோம். மேடையில் மொய் உறையோடு வரிசை நிற்கிறது. குடும்பப் படத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அப்பா பந்தியைப் பார்க்கப் போயிருந்தார். சித்தி முகத்தில் ஹோமப் புகையில் கசிந்த கண்ணீர். அப்பாயி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த களைப்பில் கண் மூடியிருக்கிறார். ஆல்பம் கைக்கு வர பதினொரு மாதம் ஆனது. கூடுதல் செலவு எதுவும் இல்லை என்பது உண்மை; குடும்பப் படம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சென்னையில் குழந்தைப் படங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் என்றே இருக்கும் உயர்தர ஸ்டூடியோக்களிலும் கேட்டேன். அழகான இடங்கள். உடை மாற்றும் அறை, பால் கொடுக்கத் தனியிடம், வெவ்வேறு நிறத்தில் துணிகள் எல்லாம் உண்டு. ஓரிடத்தில் அடிப்படைக் கட்டணம் 28,000 ரூபாய். அதில் ஆறு பேர்வரைதான். அதற்கு மேல் தலைக்கு 1,000. எங்கள் பதினைந்து பேருக்கு ஒன்பதாயிரம் கூட்டினால் 37,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 6,660. ஆக 43,660 ரூபாய். கையில் வருவது திருத்திய பதினைந்து படங்களின் கோப்புகள் மட்டும். ஆல்பம் வேண்டுமென்றால் இன்னும் 12,000. திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் வேறு.

இந்த விலை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. நகரத்தில் இடத்து வாடகை, உதவியாளர் சம்பளம், வரி எல்லாம் அதில் அடக்கம். பிறந்து பத்து நாளான குழந்தையைத் தூங்கவைத்துப் படம் எடுக்கத் தனிப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். அதற்கு இந்த இடங்கள் தகுதியானவை. தம்பியும் அவன் மனைவியும் குழந்தையை மட்டும் எடுப்பதாக இருந்தால் போகச் சொல்லியிருப்பேன். பெரிய குடும்பத்துக்கு இந்தக் கட்டண முறையே எதிராக இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வரும்போது, 'அத்தை குடும்பத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாமா' என்று யோசிக்கத் தோன்றுகிறது. அந்த நினைப்பு வந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டேன்.

ஒரு குறிப்பு: விலை சொல்பவரிடம் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே தனியாகத் தொழில் செய்பவர் பலர் வரி போடமாட்டார்கள். பெரிய ஸ்டூடியோ போடும். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான தொகை அது. ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு, வீட்டுக்கே வரும் புகைப்படக்காரர். திருச்சியில் திருமணங்களுக்குப் படம் எடுக்கும் ஓர் இளைஞர். இரண்டு மணி நேரம், திருத்திய முப்பது படம், முழு அளவுக் கோப்புகள், 9,000 ரூபாய். பிரிண்ட் நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்குச் சொன்ன அதே லேப், அதே பிரேம் கடை: 1,250-ம் 4,250-ம். அப்பாயியைத் தனியாக எடுத்த படத்துக்குப் பிரிண்டும் பிரேமும் 700. எல்லாம் சேர்த்து 15,200. ஐந்து வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 3,040 ரூபாய். தம்பி முழுவதையும் தானே கொடுப்பதாகச் சொன்னான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பங்கு போட்டதால்தான் ஐந்து வீட்டிலும் அது அவரவர் படமாக மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒன்பதாயிரமா என்று சித்தப்பா கேட்டார். மணிக் கணக்கில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த இளைஞர் எங்களிடம் இருந்தது இரண்டு மணி நேரம். எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் கண் மூடியவை, அசைந்தவை எல்லாவற்றையும் கழித்து முப்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நிறமும் வெளிச்சமும் சரிசெய்ய அவருக்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது. கேமரா, இரண்டு லென்ஸ், விளக்கு என்று சில லட்சம் முதல் போட்டிருக்கிறார். அந்தக் கேமராவின் ஷட்டருக்கும் இத்தனை லட்சம் கிளிக் என்று ஓர் ஆயுள் உண்டு. உதவியாளர் ஒருவருக்கு அன்றைய கூலி. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் அவர் கேட்டது அதிகமில்லை.

விலை குறைய ஒரு வழி இருக்கிறது. பேரம் பேசவே வேண்டாம், மாதத்தைப் பார்த்தால் போதும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நல்ல புகைப்படக்காரர் ஒருவரும் கிடைக்கமாட்டார்; கிடைத்தாலும் குடும்பப் படத்துக்கு வருவதால் திருமண வரவை இழக்கிறார், அதைக் கட்டணத்தில் ஏற்றத்தான் செய்வார். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. அவருக்கும் கை ஓய்ந்திருக்கும். எங்களுக்குச் சொன்ன இளைஞரே தை மாத ஞாயிறு என்றால் 12,000 என்றுதான் ஆரம்பித்தார். மார்கழி என்றதும் 9,000 என்றார். வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் டிசம்பரில்தான் வருகிறார்கள், வெயிலும் இதமாக இருக்கிறது. சுபகாரியம் ஆகாத மாதம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. படம் எடுப்பது சடங்கு இல்லையே என்று அம்மாதான் சமாதானம் சொன்னார்.

நேரம் குறிப்பதில் வேறு சிக்கல். மாலை நாலரைக்கு மேல் சாய்வெயில் அழகாக இருக்கும், அப்போது வருகிறேன் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு ராகு காலம். அப்பாயி முடியாது என்றுவிட்டார். படம் எடுத்தால் ஆயுள் குறையும், மூன்று பேராக நிற்கக்கூடாது என்ற எண்ணங்களும் அவருக்கு உண்டு. இவற்றோடு வாதாடிப் பயனில்லை. அவர் மனம் ஒப்பி உட்கார்ந்தால்தான் முகம் தெளிவாக இருக்கும். காலை ஏழரைக்கு மாற்றிக்கொண்டோம். மார்கழிக் காலையின் வெளிச்சமும் மென்மையானதுதான். வேப்பமரத்தடியில் உட்காரலாம் என்று நாங்கள் நாற்காலி போட்டிருந்தோம். இலை வழியே விழும் வெயில் முகத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும் என்று சொல்லி, வீட்டின் வடக்குப் பக்கச் சுவர் நிழலுக்கு அவற்றை மாற்றச் சொன்னார். மாமாவைப் பின்வரிசைக்கு அனுப்பியதும் அவர்தான். மாமா ஒரு வார்த்தை பேசாமல் போய் நின்றார்.

வெளியிடங்களையும் யோசித்துப் பார்த்தோம். முக்கொம்பு, கல்லணை இரண்டும் பக்கம்தான். எட்டு மாதக் குழந்தையும் எண்பத்து நான்கு வயதும் சேர்ந்த கூட்டத்துக்கு, கழிப்பறையும் நாற்காலியும் அருகில் இல்லாத இடம் சரிவராது. கோயிலுக்குள் எடுக்கும் எண்ணமே வேண்டாம். தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடும் விளக்கும் வைக்க முன் அனுமதி வேண்டும். வீட்டு வாசலில் நின்றால் எந்த அனுமதியும் வேண்டாம். இருபது வருடம் கழித்துப் பார்க்கும்போது அந்த வாசலும் படத்தில் இருக்கும். அப்போது வீடு இருக்குமோ, இருக்காதோ.

இப்படி வீட்டுக்கு வரும் புகைப்படக்காரரை அழைப்பதில் அபாயமும் உண்டு. ஸ்டூடியோக்காரரின் கடை இருக்கும். இவருக்கு முகவரியே ஒரு தொலைபேசி எண்தான். அதனால் அட்வான்ஸாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். என்ன தருவார், எத்தனை நாளில் தருவார் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரிப் படம் பார்க்கும்போது மணமகள் தனியாக நிற்கும் அழகான படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்துப் பேருக்கு மேல் உள்ள குழுப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்வரிசை முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணியை மங்கலாக்கும் பாணியில் பழகியவர்கள் லென்ஸின் துளையை அகலமாகத் திறந்தே எடுப்பார்கள். குழுப் படத்தில் அப்படி எடுத்தால் பின்வரிசையில் நிற்பவர்களும் மங்கிப் போவார்கள். நான் பார்த்த நான்கு பேரில் இருவரை இந்தச் சோதனையில்தான் கழித்தேன். அதில் ஒருவர் 6,000 ரூபாய்க்கே வருவதாகச் சொன்னவர். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர் ஒருவர் 3,000 கேட்டார். திறமையான பையன், ஆனால் பதினைந்து பேரை அதட்டி நிறுத்தும் வயது இன்னும் வரவில்லை என்று பட்டது. சிறிய குடும்பம் என்றால் அவரையே அழைத்திருப்பேன்.

கோப்புகளைப் பற்றியும் கறாராகப் பேசிவிடுங்கள். 12-க்கு 18 பிரிண்ட் பிசிறில்லாமல் வர, நீளவாட்டில் 5,400 பிக்சல் இருந்தால் மிக நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதைத் தரமாகப் பிரிண்ட் போட்டால் ஓர் அஞ்சலட்டை அளவுதான் வரும். பலர் அந்தச் சுருங்கிய படத்தையே சேமித்துவைத்து, பிறகு பெரிதாக்கப் போகும்போது ஏமாந்து போகிறார்கள். பென் டிரைவிலோ, மேகச் சேமிப்பு இணைப்பிலோ முழு அளவில் வாங்குங்கள். திருத்தாத மூலக் கோப்புகளைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். வேகவைக்காத அரிசியைக் கேட்பது போன்றது அது, நமக்கும் பயன்படாது.

படத்தின் உரிமை யாருக்கு என்பதில் பலருக்குத் தெளிவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 17-ஆம் பிரிவின்படி, நாம் கேட்டுக்கொண்டு கூலி கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு நாமே முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் மாறும். அந்த 'வேறு மாதிரி' சில நேரங்களில் நாம் படிக்காமல் கையெழுத்திடும் தாளில் இருக்கிறது. சென்னையில் எனக்குக் கொடுத்த படிவத்தில், படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நாங்கள் சம்மதிப்பதாக ஒரு வரி இருந்தது. குழந்தையின் படம் ஊரார் பார்வைக்குப் போக வேண்டுமா என்பதைப் பெற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எங்கள் இளைஞரிடம் வாய்மொழியாகச் சொல்லி, எழுத்திலும் வாங்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுங்கள், இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். யாரையும் வெளுப்பாக்க வேண்டாம். நம் ஊரில் படம் திருத்துவது என்றாலே நிறத்தைக் கூட்டுவது என்று ஆகிவிட்டது. முதலில் அனுப்பிய மாதிரியில் அம்மாவும் சித்தியும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். அப்பாயியின் நெற்றிச் சுருக்கங்கள் மறைந்திருந்தன. அந்தச் சுருக்கங்கள் எனக்கு வேண்டும். திருப்பி அனுப்பியதும் அவர் உடனே மாற்றிக் கொடுத்தார், கூடுதலாகக் காசும் கேட்கவில்லை. எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதையும் பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பிரிண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கோப்பு வந்த வாரத்திலேயே லேபுக்குப் போனேன். பளபளப்பில்லாத காகிதத்தில் போடச் சொன்னேன்; கூடத்தில் குழல்விளக்கு எதிரொளிக்காது. நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் சில வருடத்தில் நிறம் வெளுத்துவிடும் என்பதால், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டு, பக்கச் சுவரில் ஆணி அடித்தோம்.

படம் எடுக்கும் அன்று நடுநாற்காலியில் உட்கார்ந்த அப்பாயி, எல்லோரும் நின்று முடித்த பிறகு, 'உங்க தாத்தா எங்கே' என்று கேட்டார். தம்பி உள்ளே போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். கண்ணாடியில் வானம் பிரதிபலிக்கும் என்றார் புகைப்படக்காரர். பின்பக்க ஆணிகளைத் தானே நெம்பி, கண்ணாடியை மட்டும் உருவிவைத்துவிட்டு, பிரேமை அப்பாயி மடியில் நிறுத்தி, நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து வீட்டிலும் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம்தான். பதினைந்து பேர், நடுவில் அப்பாயி, அவர் மடியில் கோட்டு அணிந்த தாத்தா.